பெஞ்சிலிருந்து தெரிந்த முகவரி

ஒரு நகரத்தில் பெண்களுக்கான உதவி மையம் ஒன்று இருந்தது. வீட்டில் அடி தாங்க முடியாமல் கிளம்பி வருகிறவர்கள் முதலில் அங்கேதான் வருவார்கள். ஒரே அறை. ஒரு மேசை, பக்கவாட்டில் சுவரோரமாக ஒரு நீளமான பெஞ்சு. மேசைமேல் ஒரு கணினித் திரை.

திரை புதிது, அகலமானது. வந்த நாளிலிருந்தே அதற்குத் தன்னைப் பற்றி நல்ல எண்ணம்.

"நேராகப் பார்த்தாலும் சரி, ஓரத்திலிருந்து பார்த்தாலும் சரி, நான் ஒரே மாதிரிதான் தெரிவேன்" என்று பெஞ்சிடம் சொல்லும். "எனக்கு ஆள் வித்தியாசம் கிடையாது."

"என்மேல் உட்காருகிறவர்கள் முன்பெல்லாம் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்றது பெஞ்சு. "இப்போது உன்னைத்தான் பார்க்கிறார்கள்."

திரை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது.

மையத்தைக் கவனித்துவந்தவர் அமலோற்பவம். ஐம்பதை நெருங்கும் வயது. வருகிறவர்கள் சொல்வதைத் தட்டச்சு செய்து, திரையை அவர்கள் பக்கம் திருப்பி, படித்துப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வள்ளிமயில் வந்தாள். கூடவே ஆறு வயது மகள். கணவன் பொன்ராசுவிடமிருந்து தப்பி வந்திருந்தாள். அமலோற்பவம் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். நகரத்திலிருந்த ஒரு மகளிர் விடுதியில் இருவருக்கும் இடம் பிடித்து, அதன் முகவரியையும் கடைசியில் சேர்த்தார். வழக்கம்போல் திரையைத் திருப்பினார்.

"சரியா இருக்கா பாரும்மா."

வள்ளிமயில் படித்துவிட்டுத் தலையாட்டினாள். அப்போது பெஞ்சில் இருந்த மூன்று பேரில் ஒருத்தி வள்ளிமயிலின் தெருக்காரி. கெட்டவள் இல்லை. கண்ணில் பட்டதைப் படித்தாள், வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டில் சொன்னாள். அங்கிருந்து அது போக வேண்டாத காதுக்குப் போய்விட்டது.

அன்று மாலை நான்கு மணிக்கு விடுதி வாசலில் பொன்ராசு நின்றான்.

விடுதிக் காப்பாளர் கதவைத் திறக்கவில்லை. போலீசுக்கு போன் போட்டார். அவர்கள் வந்து சேரும்வரை அவன் இரும்புக் கேட்டை உலுக்கிக்கொண்டே இருந்தான். வள்ளிமயிலின் மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவன் போன பிறகும் வெளியே வர மறுத்தாள். மறுநாளே இருவரையும் வேறு விடுதிக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும்க்கா" என்றாள் வள்ளிமயில். "அப்புறம் யாரு சொன்னது?"

 அடுத்த நாள் காலையில் அமலோற்பவம் கணினியைப் போட்டுவிட்டு, அது உயிர் பிடிக்கும்வரை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். திரைதான் புதிது, கணினிப் பெட்டி பழையது, எழுந்திருக்க ஐந்து நிமிடம் எடுக்கும். சும்மா நிமிர்ந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் மூடாமல் விட்டிருந்த பட்டியல் தானாகவே திறந்துகொண்டு, அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தது. பெயர், ஊர், தங்கியிருக்கும் இடம், எல்லாம்.

"நான் வாயே திறக்கவில்லையே" என்றது திரை.

"நீ திறக்க வேண்டிய அவசியமே இல்லை" என்றது பெஞ்சு. அதற்கும் அன்று பேச்சில் உற்சாகம் இல்லை.

அமலோற்பவம் முதலில் இரண்டு அட்டைகளை வெட்டித் திரையின் இரு பக்கமும் காது மாதிரி ஒட்டினார். ஃபேன் காற்றில் அவை மத்தியானத்துக்குள் விழுந்துவிட்டன. மறுநாள் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் மீரான் பாயின் கடைக்குப் போனார்.

"பிரைவசி ஃபிலிம்னு ஒண்ணு இருக்கு" என்றார் பாய். "உள்ளே முடியை விட மெல்லிசா, கறுப்பாத் தடுப்புங்க வரிசையா நிக்கும். தென்னந்தோப்புல ரெண்டு வரிசைக்கு நடுவுல நேரா நின்னா கடைசி வரைக்கும் தெரியும்ல? நாலடி தள்ளி நின்னு பாருங்க, மரம்தான் தெரியும். அதே கணக்குதான். எத்தனை இஞ்ச் மானிட்டர்?"

"இருபத்திநாலுன்னு போட்டிருந்துச்சு பாய்."

"அது மூலைக்கு மூலை அளவு. அதை மட்டும் நம்பி வாங்கினா சில சமயம் பொருந்தாது. வெளிச்சம் வர்ற இடத்தோட நீளம், உயரம் ரெண்டையும் ஸ்கேல் வச்சு அளந்துட்டு வாங்க. சுத்தியிருக்கிற சட்டத்தைச் சேர்க்காதீங்க."

அமலோற்பவம் திரும்பிப் போய் அளந்துகொண்டு வந்தார். பாய் மேலும் கேட்டார்.

"உங்க முதுகுக்குப் பின்னால லைட்டு இருக்கா?"

"ட்யூப்லைட் இருக்கு."

"அப்போ பளபளக்குற பக்கம் வெளியே வேண்டாம், கண்ணு கூசும். மங்கலான பக்கத்தை வெளியே வச்சு ஒட்டுங்க. வெளிச்சமும் கொஞ்சம் குறையும், அதைக் கூட்டி வச்சுக்கங்க." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணையும் சொல்லிடறேன். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் இது மறைக்கும். உங்க முதுகுக்குப் பின்னால வந்து நிக்கிறவனுக்கு எல்லாமே தெரியும்."

அமலோற்பவம் அன்றைக்கே மேசையை நகர்த்தி, தன் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். ஒரு பக்கம் இரும்பு அலமாரியை இழுத்து வைத்தார். பிறகு திரையைத் துணியால் துடைத்து, தூசி இல்லாமல், பாயிடம் வாங்கிய ஃபிலிம் தாளை ஒட்டினார்.

திரைக்கு மூச்சு முட்டியது போலிருந்தது.

"என் வெளிச்சத்தைத் தின்கிறாயே" என்றது.

"கொஞ்சம் எடுத்துக்கொள்வேன்" என்றது தாள். "அது இல்லாமல் என்னால் முடியாது."

"என்னை யாரும் பார்க்க மாட்டார்களா?"

"எதிரே உட்கார்ந்திருக்கிறவர் பார்ப்பார்."

"ஒரே ஒருத்தரா?"

"உன் முன்னால் இருப்பது ஒரே ஒரு நாற்காலிதானே."

 அன்று முழுவதும் பெஞ்சில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள், கறுப்பாகத் தெரிந்ததும் பழையபடி ஃபேனைப் பார்க்கத் தொடங்கினார்கள். திரைக்கு அது அவமானமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு முற்பகலில், அமலோற்பவம் வள்ளிமயிலின் கோப்பைத் திறந்து புது விடுதியின் முகவரியைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பொன்ராசு உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பை.

"வணக்கம் மேடம். பிள்ளையோட ஷூ வீட்டுலயே கிடந்துச்சு. எங்க இருக்காங்கன்னு சொன்னீங்கன்னா நானே குடுத்துட்டுப் போயிடுவேன்."

அமலோற்பவம் கோப்பை மூடும் குறியை அழுத்தினார். கணினி நகரவில்லை. பழைய பெட்டி இடையில் நின்றுவிட்டது. முகவரி திரையில் அப்படியே இருந்தது, கதவு எண்ணும் தெருவும் விடுதியின் பெயரும்.

திரை அணைந்துவிடப் பார்த்தது. அது அதன் கையில் இல்லை.

"தாளே" என்றது மெதுவாக. "எல்லாம் என் முகத்தில் இருக்கிறது."

"தெரியும். நீ அப்படியே இரு."

"அட்ரஸ் தர முடியாது" என்றார் அமலோற்பவம். குரல் ஒரே சீராக இருந்தது. "பையை இங்கே வைங்க, சேர்த்துடறோம்."

பொன்ராசு சிரித்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தான். எழுந்து மேசையின் ஓரத்தில் கையூன்றிக் குனிந்தான். தாளுக்குள் நின்ற அத்தனை தடுப்புகளும் அவன் பார்வைக்குக் குறுக்கே நின்றன. அவன் நின்ற இடத்துக்கு வந்து சேரப் பார்த்த எழுத்தெல்லாம் வழியிலேயே நின்றுபோயின.

"கம்ப்யூட்டர் ஓடலையா மேடம்?"

"ஓடுது."

"கறுப்பா இருக்கே."

"எனக்குத் தெரியுது."

அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகப் பார்த்தான். அங்கே அலமாரி நின்றது. இந்தப் பக்கம் வந்து இன்னும் சாய்ந்து பார்த்தான். அப்போதும் இருட்டுதான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் காணாமல் போனது. அமலோற்பவம் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்ததும், பையை மேசைமேல் போட்டுவிட்டு வெளியேறினான்.

செருப்புச் சத்தம் தெருவில் கரைந்த பிறகுதான் அமலோற்பவம் தொலைபேசியைக் கீழே வைத்தார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். பாதி சேலையில் சிந்தியது. அதைப் பார்த்துத் தானே சிரித்துவிட்டார். பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

 திரை தாளிடம் கேட்டது. "கஷ்டமாக இருந்ததா?"

"நான் நின்ற இடத்தில் நின்றேன், அவ்வளவுதான்" என்றது தாள். "அந்தம்மா சுவரோரமாக உட்கார்ந்ததும் நல்லதாகப் போயிற்று."

அந்த வாரக் கடைசியில் வள்ளிமயில் மகளோடு வந்தாள். நீதிமன்றத்துக்கு அனுப்ப அவளுடைய வாக்குமூலம் தயாராக இருந்தது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அமலோற்பவம் பழக்கதோஷத்தில் திரையைத் திருப்பப் போனார், கையை எடுத்துக்கொண்டார். எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார்.

"நீ இங்க வந்து உக்காரும்மா."

"உங்க சீட்டுலயா?"

"இங்க உக்காந்தாதான் தெரியும். நான் நிக்கிறேன்."

வள்ளிமயில் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர். எதிரே அவள் சொன்ன சொற்கள். அவசரமில்லாமல் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். திரை அவள் முகத்தை முழுதாகப் பார்த்தது. அவள் புருவத்தோரம் ஒரு சிறு தழும்பு இருந்தது.

படித்து முடித்தவள் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே நான்கு பேர் இருந்தார்கள்.

"அவங்களுக்கு இது தெரியாதாக்கா?"

"தெரியாது. வேணும்னா நீயே போய்ப் பாத்துட்டு வா."

வள்ளிமயில் நிஜமாகவே எழுந்து போய் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். திரும்பி வந்தபோது தோள்கள் இறங்கியிருந்தன. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்றாள். "அன்னைக்கு வாய் வரல. நானே டைப் அடிக்கட்டுமாக்கா?"

அமலோற்பவம் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவள் நான்கு வரி எழுதினாள். நடுவில் ஒரு முறை மூக்கை உறிஞ்சினாள். முடித்துவிட்டு, அமலோற்பவம் குனிந்து படிக்கும்வரை காத்திருந்து, அச்சிட்ட தாளில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வெளியே போகும்போது மகளிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரிப்பது வாசல்வரை கேட்டது.

பெஞ்சு பொறுக்க முடியாமல் கேட்டது. "அப்படி என்னதான் எழுதினாள்?"

"எழுதிவிட்டாள். அது எதிரே உட்கார்ந்தவர்களுக்குத்தான்" என்றது திரை.