வாசலுக்குப் போன எச்சரிக்கை அட்டை

தொலைபேசி நிலையத்துக்கே நேரம் காட்டும் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே இரண்டு கடிகாரங்கள்: ஒன்று ஓட, ஒன்று அதற்கு மாற்றாக. ஒன்று கெட்டாலும், பெட்டியில் செருகியிருந்த எச்சரிக்கை அட்டை என்ற மின்பலகையில் சிவப்பு விளக்கு எரியும். மாற்றுக் கடிகாரம் செத்து மாதக் கணக்காகியும் மேலாளர் சபாபதி புதியது வாங்கவில்லை. அதைத் தட்டிக் கேட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களைத்தான் வேலையை விட்டுத் துரத்தினார். அவர்கள் வாசலில் மறியலில் உட்கார்ந்துவிட, உள்ளே மிஞ்சிய ஒரே தொழிலாளி முடியப்பன்.

"நாளைக்கு ஆய்வு. சிவப்பு எரிஞ்சா நீயும் வெளியதான்," என்றார் சபாபதி அவனிடம்.

"புதுக் கடிகாரம் இல்லாம எப்படி சார் அணைக்கிறது?"

"குறை சொல்ற எதுவும் உள்ள இருக்கக் கூடாது. போ."

"சரிங்க சார்."

மறுநாள் விளக்கு எரியவில்லை. சபாபதி மீசையைத் தடவிக்கொண்டார். ஆய்வுக்கு வந்த அம்மையார் பெட்டியைத் திறந்தார். அட்டை இருந்த இடம் காலி.

"எச்சரிக்கை அட்டை எங்கே?"

சபாபதி முடியப்பன் பக்கம் திரும்பினார்.

"வாசல்ல இருக்குங்க மேடம்," என்றான் முடியப்பன். "கடிகாரம் செத்துப்போச்சுன்னு ஓயாமச் சொல்லிச்சு. அதையே சொன்ன மனுசங்களை சார் வெளிய தள்ளிட்டாரு. அட்டைக்கு மட்டும் சலுகை காட்டலாமா?"

அம்மையார் சபாபதியை ஒரு பார்வை பார்த்தார்.

"போய் அட்டையை எடுத்துட்டு வா."

"அது தனியா வராதுங்க மேடம். கூட உட்கார்ந்திருக்கிறவங்களையும் கூப்பிடணும்."