பெயர் கேட்காத கூத்தன்

கப்பலுக்குப் புகை உண்டு என்று யாருக்கும் தெரியாத காலம். காற்று வந்தால் பயணம், காற்று நின்றால் பட்டினி. அந்தக் காலத்தில் கூத்தன் என்று ஒரு மாலுமி இருந்தான். பெயர்தான் கூத்தன், அவன் சிரித்துப் பார்த்தவர் இல்லை. உட்கார்ந்து கேளுங்கள், நீளமான கதை இல்லை. எனக்கும் இன்று அலுப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் அவனும் ஏறிய தோணியிலெல்லாம் சிநேகம் பிடித்தவன்தான். முதல் சிநேகிதனை எங்கோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சல் கொண்டுபோனது. இரண்டாமவனைப் புயல் கொண்டுபோனது. மூன்றாமவன் கல்யாணம் கட்டிக் கரையில் தங்கினான். அடுத்த வருஷம் சந்தையில் பார்த்தபோது, யார் நீ என்று கேட்டான். முதல் இருவருக்காகக் கூத்தன் அழுது தீர்த்தான். மூன்றாமவனுக்காக எப்படி அழுவது? அத்தோடு மனசு விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு கூட வேலை செய்கிறவர்களின் பெயரைக்கூட அவன் கேட்பதில்லை. பெயர் தெரியாதவனை இழக்க முடியாது என்று ஒரு நினைப்பு.

ஒருநாள் உப்பு ஏற்றிய தோணி ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. கரையை ஒட்டிய சின்ன ஓட்டம். விடியலில் பாய் விரித்தால் பொழுது சாய அடுத்த துறையில் இறங்கிவிடலாம். கூத்தன் ஏறிக்கொண்டான். தோணியின் தலைவரான தண்டல் சுக்கானைப் பிடித்திருந்தார். சமைப்பதற்கு ஒரு குட்டை ஆள். தோணியின் முனையில் உட்கார்ந்து ஆழம் பார்ப்பதற்கு ஒரு வாயாடி.

காலையில் வாயாடி ஒரு சிரட்டை நிறைய பழைய சோற்று நீச்சுத்தண்ணியும் வெங்காயமும் கொண்டுவந்து நீட்டினான்.

"பொழுது சாயக் கரை வந்துரும்" என்றான் கூத்தன். அதுவரை பசி தாங்கும் என்று அர்த்தம்.

உச்சி வெயிலில் வாயாடி பாய் நிழலில் நகர்ந்து இடம் கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்தான்.

"பொழுது சாயக் கரை வந்துரும்." ஊரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அர்த்தம்.

வெயில் இறங்கியதும் வெற்றிலை மடித்துக் கொடுத்தான். கூத்தன் மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னான். இதற்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பாவம், வெற்றிலையைத் தானே வாயில் போட்டுக்கொண்டு வாயாடி முனைக்குப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. பாயைத் தாங்கும் குறுக்குக் கழியின் கயிறு பிரிபிரியாக அறுவதைக் கூத்தன் கண்டான். கழி விழுந்தால் வாயாடியின் தலையில்தான் விழும். அவனோ முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான். கூத்தன் வாயைத் திறந்தான். கூப்பிடப் பெயர் இல்லை. "அண்ணே!" என்று கத்தினான். கடலில் எல்லோரும் அண்ணன்தானே. தண்டல் திரும்பினார், சமையல்காரன் திரும்பினான். திரும்ப வேண்டியவன் மட்டும் திரும்பவில்லை. பகல் முழுக்கத் தன்னோடு பேசாதவன் இப்போது தன்னையா கூப்பிடப்போகிறான் என்று இருந்துவிட்டான்.

கழி அவன் தோளில் விழுந்து, அவனைக் கடலில் தள்ளியது.

கூத்தன் யோசிக்காமல் குதித்தான். அலை ஆள் உயரம் எழும்பியது. எந்தப் பக்கம் நீந்துவது? குரல் கொடுக்கலாம் என்றால் மறுபடியும் பெயர் இல்லை. இவனும் போய்விட்டான், இவனுக்காக அழக்கூட ஒரு பெயரை நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லையே என்று அவன் நெஞ்சு பதறியது.

அலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"கூத்தா! இங்கிட்டு, கூத்தா!"

குரலை நோக்கி நீந்திப் போய் வாயாடியின் தலைமயிரைப் பிடித்தான் கூத்தன். தண்டல் கயிறு வீசினார். இரண்டு பேரும் தோணிக்குள் வந்து விழுந்தார்கள்.

மூச்சு வந்ததும் கூத்தன் கேட்டான். "எம்பேரு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீதான் வாயத் தெறக்க மாட்டேங்கிறியே. விடியக்காலையே தண்டல்கிட்ட கேட்டு வச்சுக்கிட்டேன். கூட வர்றவன் பேரு தெரியாம எப்படிப்பா கடல்ல போறது?"

கூத்தனுக்கு அழுகை வந்தது. அவன் அதை மறைக்கவில்லை. வாயாடியின் பெயரைக் கேட்டான். சடையன் என்றான் அவன். காலையில் மறுத்த நீச்சுத்தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடித்தான். சடையனுக்கு எந்த ஊர், பிள்ளைகள் உண்டா, சமையல்காரன் பெயர் என்ன என்று விசாரித்துக்கொண்டே இருந்தான். அதற்குள் தண்டலும் சமையல்காரனும் கழியை மறுபடி கட்டிப் பாய் விரித்துவிட்டார்கள், கரையின் பனைமரங்களும் தெரியத் தொடங்கிவிட்டன. கேட்க இன்னும் எவ்வளவோ இருந்தது.

"பொழுது சாயக் கரை வந்துருமே" என்றான் கூத்தன், வருத்தத்தோடு.

வந்துவிட்டது. இறங்கினார்கள், பிரிந்தார்கள். கூத்தனுக்கு வலிக்கத்தான் செய்தது. சடையனின் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தான்.

ஒரு பகல் பயணமே ஆனாலும், பிரிவுக்குப் பயந்து கூட வருகிறவனை அந்நியனாக வைத்திருக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கதையின் நீதி.