செவலை சொன்ன உண்மை

ஒரு காட்டில் எல்லாரும் அவரவர் இரையைத் தேடித் தின்று நிம்மதியாகத்தான் இருந்தார்கள், குழந்தைகளே, நரி வந்து குதிரைப் பந்தயம் ஆரம்பிக்கும்வரைக்கும்.

ஓடுவது குதிரைகள். பணயம் வைப்பது மற்றவர்கள். முயல் கிழங்கை வைத்தது, மைனா பழத்தை வைத்தது. சொன்ன குதிரை முதலில் வந்தால் வைத்தது பல மடங்காகத் திரும்பும். வராவிட்டால் எல்லாம் நரிக்கு. காட்டில் எல்லாரும் இளைத்துப்போனார்கள், நரிக்கு மட்டும் தொப்பை விழுந்தது.

அங்கே ஏகாம்பரம் என்றொரு வெள்ளெலி இருந்தான். அறுவடைக் காலம் முழுக்க வயலுக்கும் வளைக்கும் நடையாய் நடந்து, மழைக்காலத்துக்கென்று இரண்டு குழி நிறைய நெல் சேர்த்தான். மனைவி பூங்காவனம், நான்கு குட்டிகள், இத்தனை வயிற்றுக்கும் அந்த நெல்தான். அதில் ஒரு குழியை நான்கே பந்தயத்தில் தொலைத்துவிட்டான் மகராசன்!

"போனது போகட்டும்ங்க," என்றாள் பூங்காவனம். "இன்னும் ஒரு குழி இருக்கு. அரை வயிறு தின்னாலும் மழையைத் தாண்டிடலாம். இதுல மட்டும் கை வைக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"சேச்சே! பிள்ளைங்க சோத்துலயா கை வைப்பேன்?" என்றான் ஏகாம்பரம்.

மனசாரத்தான் சொன்னான். ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. போன குழியை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு அவனை அரித்தெடுத்தது.

அடுத்த பந்தயத்தன்று காலையில் நரி மரத்தடியில் நின்று கூவினான்: "கரியன் மேல் வைத்தால் ஒன்றுக்கு இரண்டு! செவலை மேல் வைத்தால் ஒன்றுக்கு எட்டு!"

ஒன்றுக்கு எட்டா! ஏகாம்பரத்துக்கு எச்சில் ஊறியது. அந்தக் குதிரை ஜெயிக்காது என்ற தைரியத்தில்தானே நரி எட்டு தருகிறான்? இதை யோசிக்க வேண்டாமோ? ஏகாம்பரமும் கொஞ்சம் யோசித்தான், இல்லையென்று சொல்லக்கூடாது. ஓடைக்குப் போய், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த செவலையிடமே கேட்டான். செவலை சின்ன வயசுக் குதிரை, பொய் சொல்லவே தெரியாதவள்.

"ஏம்மா செவலை, இன்னைக்கு நீ ஜெயிப்பியா?"

"எங்க அண்ணே ஜெயிக்கறது?" என்று அவள் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினாள். கணுக்கால் வீங்கியிருந்தது. "ஊனினாலே உயிர் போகுது. ஓடாத குதிரைக்குப் புல்லு கிடையாதுன்னு நரி சொல்லிட்டான், அதான் ஓடுறேன். என் மேல எதையும் வெச்சுடாதீங்க அண்ணே. பிள்ளைகுட்டிக்காரர் நீங்க."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியுமா? ஆனால் பந்தயப் பைத்தியம் பிடித்தவனின் காதே வேறு, குழந்தைகளே. 'அடேயப்பா, கெட்டிக்காரி!' என்று ஏகாம்பரம் தனக்குள் சிரித்துக்கொண்டான். 'ஜெயிக்கப்போகிற குதிரை அதை வெளியில் சொல்லுமா? சொன்னால் எல்லாரும் இவள் மேல் வைப்பார்கள், எட்டு இரண்டாகிவிடும். வீக்கமாம் வீக்கம்! சேற்றைப் பூசிக்கொண்டு வேஷம் போடுகிறாள்!'

பூங்காவனம் கிழங்கு தோண்டப் போயிருந்த நேரம் பார்த்து, வாய் வாயாக நெல்லை அள்ளிவந்து நரியின் முன்னால் கொட்டினான். கடைசி நடையில் குழியின் அடிமண் தெரிந்தது.

"முழுக்கவா?" என்று கேட்டான் நரி.

"முழுக்க! செவலை மேல!"

மயில் அகவியதும் குதிரைகள் பாய்ந்தன. பாவம் செவலை, பல்லைக் கடித்துக்கொண்டு முதல் திருப்பம்வரை முன்னால் ஓடினாள். "பாத்தீங்களா! நான் சொன்னேன்ல!" என்று ஏகாம்பரம் துள்ளிக் குதித்தான். இரண்டாம் திருப்பத்தில் அவள் கால் மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கரியன் அவளைத் தாண்டிப் போய் ஜெயித்துவிட்டான்.

ஏகாம்பரம் அவளிடம் போனான். "என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதான்.

"உண்மையைத்தானே அண்ணே சொன்னேன்," என்றாள் செவலை. அவள் கண்ணில் நீர் வழிந்தது. "கொஞ்சம் தண்ணி கொண்டாந்து தர்றீங்களா?"

அப்போது மழை பிடித்துக்கொண்டது. காலிக் குழியைப் பார்த்துவிட்ட பூங்காவனம், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நனைந்தபடி வந்தாள். அவள் திட்டவில்லை. "பசிக்குதுன்னு அழுவுறாங்க," என்றாள். "நான் என்னங்க செய்யட்டும்?"

ஏகாம்பரம் சமாதானம் சொல்ல வந்தான். வாயைத் திறந்தபோது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. கன்னத்து மூலையில் ஒரே ஒரு நெல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நரி மறுபடியும் கூவ ஆரம்பித்தான்: "பொழுது சாயும்வரை செவலை உயிரோடு இருப்பாளா? இருப்பாள் என்று வைத்தால் ஒன்றுக்குப் பத்து!"

ஏகாம்பரம் செவலையைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் தாங்க மாட்டேன் அண்ணே," என்று அவள் முனகினாள். "வெச்சுடாதீங்க."

கடைசிக் குட்டி அவன் வாலைப் பிடித்து இழுத்தது. ஏகாம்பரம் வாலை உதறிக்கொண்டு நரியிடம் நடந்தான். அந்த நெல்லை அவன் காலடியில் துப்பினான்.

"இருப்பா," என்றான்.

நீதி: விட்டதைப் பிடிக்கும் வெறி வந்தவனுக்கு, முகத்துக்கு நேரே சொன்ன உண்மையும் பொய்யாகவே கேட்கும்.