இங்க பாரு மாப்ள

"மூணு வருஷமா ஒரு படம்கூட உருப்படியா விழல மேடம்" என்றார் பெரியநாயகம்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அருப்புக்கோட்டையில் கல்யாணப் படம் எடுப்பவர். அவர் மேடம் என்று கூப்பிட்ட தஸ்லிமா, பத்திரிகைக்கு விளையாட்டுப் படங்கள் எடுப்பவர். பதினைந்து வயது இளையவர். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைப் பார்க்கிற ஆள் இல்லை பெரியநாயகம்.

விழாத படம் அவருடைய சிநேகிதர் தவசியுடையது. லேத் பட்டறைக்காரரான தவசி, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தானே மாற்றிக் கட்டி, பாழடைந்த விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் வேகப் பந்தயம் ஓட்டுகிறார். பக்கத்தில் யாரும் ஓட்ட மாட்டார்கள். கடிகாரத்தோடுதான் போட்டி.

இருநூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டும். மூன்று வருஷமும் இரண்டு மூன்று கிலோமீட்டரில் கோட்டை விட்டிருந்தார். அடுத்த வருஷம் அந்த ஓடுதளத்தில் சூரியத் தகடுகள் பதிக்கப் போகிறார்கள். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

"ஓடுற பஸ்ஸைப் படம் எடுங்கண்ணே" என்றார் தஸ்லிமா. "போர்டைப் படிக்க முடியிற அன்னைக்கு வாங்க."

பெரியநாயகம் ஆறு மாதம் நாற்கரச் சாலையோரம் நின்று, ஓடும் பஸ்களோடு கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்தார். செக்கிங் ஆள் என்று நினைத்துக் கண்டக்டர்கள் பயந்தார்கள். மனிதர் அசரவில்லை. முதலில் ஊர்ப்பெயர் தெரிந்தது. பிறகு டிரைவரின் மீசையே தெரிந்தது.

பந்தய நாளும் வந்தது. தஸ்லிமாவும் பத்திரிகைக்குப் படமெடுக்க வந்திருந்தார்.

விதி இதுதான்: ஒரு தரம் போக வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் அதே தடத்தில் திரும்பி வர வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு.

தவசி டாங்க்கின் மேல் தாடையை அழுத்திக்கொண்டு, ஒட்டிப் படுத்தபடி வந்தார். பெரியநாயகம் தடத்தின் நடுப்பகுதியில், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கேமராவைச் சுழற்றினார்.

படம் விழுந்தது. ஹெல்மெட் கண்ணாடிக்குள் தவசியின் கண்கள்கூடத் துல்லியமாகத் தெரிந்தன. பெரியநாயகம் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார்.

வேகப் பலகையில் நூற்றுத் தொண்ணூற்றேழு என்று போட்டார்கள்.

தவசி வண்டியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு மாப்ள. நடுவுல அந்த ஒரு எடத்துல காத்து புடிச்சு இழுக்குது. வருஷா வருஷம் அதே எடம்."

பெரியநாயகம் அவர் தோளைத் தட்டிவிட்டு, படத்தைக் காட்டத் தஸ்லிமாவிடம் ஓடினார்.

தஸ்லிமா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குண்ணே. இவரு எதைப் பாக்குறாரு?"

"என்னைத்தா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

படத்தில் தவசியின் தாடை டாங்க்கில் இல்லை. தலை நான்கு விரற்கடை நிமிர்ந்து, கேமரா பக்கம் திரும்பியிருந்தது.

தவசியின் கல்யாணம் பெரியநாயகத்துக்கு ஞாபகம் வந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் "இங்க பாரு மாப்ள" என்று கூப்பிட்டது இவர்தான். மாப்பிள்ளையும் நிமிர்ந்து சிரித்தார். முடிச்சு நழுவி, மூன்றையும் அவருடைய அக்காவே போட வேண்டியதாயிற்று. படம் மட்டும் அருமையாக விழுந்தது.

வருஷா வருஷம் காற்று பிடித்து இழுத்த இடம், பெரியநாயகம் நின்ற இடம்தான். மற்ற வருஷப் படங்கள் கலங்கி விழுந்ததால் இது தெரியாமலே போயிருக்கிறது.

ஒளிந்துகொள்ளலாமா என்று கேட்டார். கேட்டவுடனே அவரே வேண்டாம் என்றார். போன வருஷம் வெயிலுக்காக ஒரு டிரம்முக்குப் பின்னால் நின்றபோது, எங்கடா காணோம் என்று தேடிக்கொண்டே வந்ததாகத் தவசி சொல்லியிருந்தார்.

"நான் இல்லேன்னா தேடுவான் மேடம்."

"அவரு எங்க பாக்கணும்?"

பெரியநாயகம் கையை நீட்டி, தவசி திரும்பி வந்து சேர வேண்டிய கோடியைக் காட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அங்கே ஓடுதளம் முடிந்து, அதற்கும் அப்பால் ஒரு செம்மண் மேடு இருந்தது.

"அங்கேருந்து எடுத்தா படம் விழுமா?"

"விழாது. உங்க லென்சுக்குப் புள்ளியாத்தான் தெரியும்."

இன்னும் முப்பது நிமிஷம் இருந்தது. பெரியநாயகம் காரைத் திறந்து, கல்யாண வீட்டில் விளக்குக்குப் பிடிக்கிற வெள்ளைக் குடையை எடுத்தார். தவசியிடம் போய், தான் அந்த மேட்டில் நிற்கப் போவதாகச் சொன்னார்.

"அங்கயா? அங்கேருந்து என்னத்த எடுப்ப?"

"இங்க பாரு மாப்ள" என்றார் பெரியநாயகம், குடையை உயர்த்திக் காட்டி. "வழியில யாரையும் பாக்காத. இதைப் பாத்தே வா."

வெயிலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடினார். மேட்டில் ஏறிக் குடையை விரித்து நட்டார்.

தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி கிளம்பியது. சத்தம் வளர்ந்தது. புள்ளி பக்கவாட்டில் அசையவே இல்லை. ஒரே ஒரு தரம் பட்டனை அழுத்தினார்.

இருநூற்று நான்கு. சராசரி இருநூறரை.

எல்லாரும் தவசியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியநாயகம் மண் படிந்த குடையோடு நடந்து வந்து சேர்ந்தார். தஸ்லிமா கையை நீட்டினார். இவர் கேமராவைக் கொடுத்தார்.

வெளிறிய வானம், கானல், நடுவில் கடுகளவு ஒரு கறுப்பு.

"இவரு எதைப் பாக்குறாரு?"

"என்னைத்தான்" என்றார் பெரியநாயகம்.