செம்பட்டையனுக்குத் தினம் மூன்று சாவு

யார் செய்த வேலை இது என்று பெயர் சொல்லப் போவதில்லை. செய்தவருக்குத் தெரியும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து இறங்கி, அத்திக்குண்டு கிராமத்துச் சேவுகனின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டு விமானம் ஏறிப் போன பெரிய மனுஷரே, உம்மைத்தான். உம் படத்தைப் பார்த்து உலகமே வயிறு வலிக்கச் சிரிக்கிறதாமே? இங்கே ஒருத்தன் மொட்டைத் தலையோடு நிற்கிறான். அவன் கதையையும் கேளும்.

சேவுகன் ஆட்டு வியாபாரி. சந்தையில் விலை பேச, கையைத் துண்டைப் போட்டு மூடி உள்ளே விரலைப் பிடித்தான் என்றால், விரல் மிஞ்சினதே லாபம் என்று எதிராளி கையை உருவிக்கொண்டு ஓடுவான். கோபம் எப்போதும் மூக்கு நுனியில். பஞ்சவர்ணத்தோடு கல்யாணம் நிச்சயமாகி, வைகாசியில் முகூர்த்தம். அந்த நேரம் பார்த்துத்தான் ஹாலிவுட்டிலிருந்து சிரிப்புப் படம் எடுக்கிறோம் என்று நீர் வந்து சேர்ந்தீர்.

மாமியாருக்குப் பயந்து இந்தியாவுக்கு ஓடிவந்த கதாநாயகன், செத்தவன் போலக் கிடக்கிறான். ஊர் அவனைத் தூக்கிப் போய்ச் சுடுகாட்டில் விறகு மேல் வைக்கிறது. இதுதான் காட்சி. கதாநாயகனுக்குச் செம்பட்டை முடி. அதனால் ஊரில் அவன் பெயர் செம்பட்டையன்.

நீர் என்னமோ சொன்னீர். மெட்ராஸிலிருந்து வந்த உம் ஆள் அதைத் தமிழில் சொன்னான்: "செத்தது உங்க சொந்தக்காரர்னு வச்சுக்குங்க. யாரும் நடிக்கக் கூடாது. எல்லாம் நிஜமாச் செய்யணும்."

அத்திக்குண்டுக்காரர்கள் கூட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"சொந்தக்காரர்னா என்ன முறை? முறை தெரியாம எப்படி அழுகுறது?" என்றார் ஊர்த் தலைவர் ஆண்டிச்சாமி. "மாமனுக்கு ஒரு அழுகை, சித்தப்பனுக்கு ஒரு அழுகை இல்லையா?"

"முடியப் பாத்தா நம்ம வகையறா மாதிரி தெரியலையே" என்றான் சின்னழகு.

"பொணத்தோட முடியிலயா முறை எழுதியிருக்கு, கூறுகெட்டவனே! கொள்ளி வைக்கப் பிள்ளை யாரு, அதச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

எந்தப் பேரத்திலும் முதல் ஆளாகக் கை நீட்டிப் பழகியவன் சேவுகன். "நான் வைக்கிறேன். இந்த நிமிசத்துலேர்ந்து அவரு எங்கப்பன். வேற எவனும் குறுக்க வரக் கூடாது!"

"உங்கப்பனுக்கு உன்னைவிட வயசு கம்மியா இருக்கும்போலயே?"

"அது அவரு பாடு!"

அப்புறம் நடந்ததை நீரே பார்த்தீர். சும்மா தீப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நீர் நினைத்திருக்கலாம். நடிக்கக் கூடாது என்று சொன்னது யார்? சேவுகன் குடத்தை உடைத்தான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். காய்ந்த வைக்கோலில் கொள்ளியை வைத்தான். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவனோடு போனவர்களும் பார்க்கக் கூடாது. ஊரே விறுவிறுவென்று நடந்தது.

பின்னால் பெரிய அலறல்.

"அண்ணே, உங்கப்பா என்னமோ சொல்றாரே" என்றான் சின்னழகு.

"செத்தவங்க பேச்சக் காதுல வாங்காத. நட!"

குளத்தில் முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். நினைத்ததற்கு மேலேயே கிடைத்த சந்தோஷத்தில் நீரும் செம்பட்டையனைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டீர். கால்சட்டை புகையச் செம்பட்டையன் துள்ளிக் குதித்து ஓடினானே, அதற்குத்தான் 'என்ன நடிப்பு, என்ன நடிப்பு' என்று உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

இங்கே சேவுகன் மொட்டை போட்டான். வடை பாயசத்தோடு கருமாதி நடந்தது. அவனைப் பெற்ற பெரியகருப்பன் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மகன் தோளைத் தட்டி, "என்ன இருந்தாலும் அப்பன் இல்லையாப்பா? மனசு ஆற நாளாகும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண்ணின் அப்பா உடையப்பன் தயங்கித் தயங்கி வந்தார். "மாப்ள, அப்பனுக்குக் கொள்ளி வச்சவன் வருசம் திரும்பாம தாலி கட்டக் கூடாது. நம்ம சாதி சனம் காறித் துப்பும்."

"நியாயம்தான் மாமா" என்றான் சேவுகன். அவன் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

ஊரெல்லாம் சுற்றிவிட்டு, தமிழ் பேசிக்கொண்டு, வருசம் திரும்புவதற்குள் உம் படம் டவுன் தியேட்டருக்கு வந்தது. ஊரே காலைக்காட்சிக்குப் போனது. தங்கள் அழுகைக்குத் தியேட்டர் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து அத்திக்குண்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து மறுபடி அழுதார்கள். கொள்ளி விழுந்தது. செம்பட்டையன் எழுந்து ஓடினான்!

"எங்கப்பன் சாகல!" என்று சேவுகன் நாற்காலி மேல் ஏறிவிட்டான். "மாமா! தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல! வர்ற வெள்ளிக்கிழமை முகூர்த்தம்!"

உடையப்பன் எதையும் சரிபார்த்துச் செய்கிறவர். ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க மதியக் காட்சிக்கும் போனார். வெளியே வந்தவர் முகம் செத்துப்போயிருந்தது.

"மாப்ள, காலையில பொழச்சவரு மத்தியானம் திரும்பச் செத்துட்டாரே!"

"அப்புறம் எந்திரிச்சாருல்ல?"

"எந்திரிச்சாரு. சாயங்கால ஆட்டத்துல திரும்பச் சாவாராமே! டிக்கெட் கிழிக்கிறவன் சொல்றான். நீயும் வேளை தவறாம கொள்ளி வைக்கிற. வருசத்த எந்தச் சாவுலேர்ந்து எண்ணுறது?"

"கடைசிச் சாவுலேர்ந்துதான்" என்று தீர்ப்புச் சொன்னார் ஆண்டிச்சாமி. "சாவுக்கு ஒரு மொட்டை. அதுவும் முறை."

படமோ கூட்டம் தாங்காமல் ஓடுகிறது. சேவுகன் தியேட்டர் மேனேஜர் கையைத் துண்டுக்குள் இழுத்து, மூன்று விரலைப் பிடித்து, பிறகு ஒன்றைப் பிடித்தான். தினம் மூன்று சாவு கட்டாது, ஒன்றோடு முடித்துக்கொள் என்று அர்த்தம். மேனேஜர் அந்த விரலில் இனாமாக ஒரு டிக்கெட்டைச் செருகி அனுப்பினார்.

அந்த டிக்கெட்டில் உள்ளே போன சேவுகன், திரையில் தான் பந்தத்தோடு வருவதைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் எழுந்தான். "டேய் சேவுகா! வைக்காதடா கொள்ளிய!" திரைச் சேவுகன் வைத்தான். "திரும்பிப் பாருடா மடையா! அப்பன் ஓடுறாருடா!" திரைச் சேவுகன் முறை தெரிந்தவன். திரும்பவே இல்லை. தியேட்டர் கைதட்டியது.

ஆகவே, பெரிய மனுஷரே, அத்திக்குண்டு கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறது. இன்னொரு படம் எடும். இந்தத் தடவை சேவுகன் சாவான், செம்பட்டையன் கொள்ளி வைக்கட்டும். மொட்டையும் தீட்டும் அவனோடு போகட்டும். சேவுகன் ஒழுங்காகச் செத்து முடித்துவிட்டு, நிம்மதியாகத் தாலி கட்டுவான். உடையப்பனும் சம்மதித்துவிட்டார்: மாப்பிள்ளை செத்தவனாக இருந்தாலும் பரவாயில்லையாம், தீட்டுக்காரனாக மட்டும் இருக்கக் கூடாதாம்.

விறகு அடுக்கியாகிவிட்டது. வாரும், வந்து சீக்கிரம் இவனைக் கொளுத்திவிட்டுப் போம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம்!