கழற்றிய பிரேக்கும் காத்திருந்த கல்லும்

காலை ஏழே கால் மணி. தேன்கரட்டு மலையில் ஒரே ஒரு வேன், அதற்கு நாலு பங்குதாரர்கள். நால்வரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் சடையப்பன். மலையில் பள்ளிக்கூடம் உண்டு. மற்ற மூவரும் அதன் வழியாக வேனில் போயிருக்கிறார்கள்.

பேடு கம்பெனியிலிருந்து செல்போனில் வந்திருந்த அறிவிப்பைச் சடையப்பன் உரக்கப் படித்தார்: "இந்த பிரேக் பேடுகள் சூடானால் பெயர்ந்துவிடும். இவை பொருத்திய வாகனத்தை ஓட்ட வேண்டாம். உடனே கழற்றி, வாங்கிய கடையில் ஒப்படைத்துப் புதியவற்றைப் பெற்றுக்கொள்ளவும்."

வாங்கிய கடை அடிவாரத்தில், வையாபுரியுடையது. பங்குதாரர்களில் ஒருவரான முப்பத்தெட்டு வயதுப் பொன்னுரங்கனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்த ஒரே மனிதர் அவர்தான். "வண்டியை ஒழுங்கா வெச்சுக்கிறவனுக்குத்தான் என் பொண்ணு" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"மாமனார் கடை. அறிவிப்புல இருக்கறதை அச்சுப் பிசகாமச் செய்யணும்" என்றார் பொன்னுரங்கன்.

பேடுகளைக் கழற்றினார்கள். பின்சக்கரத்து பிரேக் லைனிங்கைப் பற்றி அறிவிப்பில் ஒன்றுமில்லை. ஆனால் அதுவும் அதே கடைச் சரக்கு. தனியாக விடுவது முறையில்லை என்று அதையும் கழற்றினார்கள்.

"இப்ப ஓட்டலாமாண்ணா?" என்று கேட்டார் டிரைவர் நல்லமுத்து.

"பொருத்தின வண்டியைத்தான் ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு. இது கழட்டின வண்டி" என்றார் சடையப்பன்.

"நிறுத்தணும்னா?"

சபை யோசித்தது. நல்ல கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

"அதுக்குத்தான் குப்பணன் இருக்கானே" என்றார் சடையப்பன்.

மேட்டில் வேன் நின்றால் சக்கரத்துக்கு அண்டைக்கல் வைப்பது நாலாவது பங்குதாரர் குப்பணனின் வேலை. பெரிய கல்லாகப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார்.

இறக்கத்தில் டீசல் எதற்கு என்று நல்லமுத்து நியூட்ரலில் போட்டார். முதல் வளைவில் வேன் ஓடியது. மூன்றாவது வளைவில் பறந்தது.

"டேய் குப்பணா, கல்லைப் போடுடா!" என்று கத்தினார் நல்லமுத்து.

"வண்டி நின்னாத்தானே கல்லு வெப்பாங்க? முதல்ல நிறுத்துங்க, வெக்கிறேன்!"

"அவன் சொல்றதும் நியாயந்தான்" என்றார் சடையப்பன், கண்ணை மூடிக்கொண்டு.

வையாபுரி அந்த நேரம் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதனால் இன்றும் அவருக்கு இரண்டு கால்கள் இருக்கின்றன. அவருடைய கடைக்கு ஷட்டர்தான் இல்லை. வேன் உள்ளே போய், ஆயில் டின்களை நசுக்கி, கல்லாப்பெட்டியில் மோதி நின்றது.

குப்பணன் இறங்கினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

வையாபுரி ஓடி வந்தார். "பிரேக் என்னடா ஆச்சு?"

"ஒரு கீறல் இல்லீங்க மாமா" என்று பொன்னுரங்கன் மடியிலிருந்த துணி மூட்டையை நீட்டினார். "கழட்டி, துடைச்சு, பத்திரமா கொண்டாந்திருக்கோம்."

வையாபுரி புதுப் பேடையும் லைனிங்கையும் எடுத்துப் பொன்னுரங்கன் மூஞ்சியில் வீசினார். "கல்யாணத்தன்னிக்கு இது இல்லாம மண்டபத்துப் பக்கம் வந்தே, பொண்ணு கெடையாது. ஞாபகம் வெச்சுக்க!"

பொன்னுரங்கன் ஞாபகம் வைத்துக்கொண்டார். வேனை டிராக்டர் கட்டி மலைக்கு இழுத்துப் போனார்கள். புதுச் சாமான் தேய்ந்துவிடக் கூடாது என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு அடிவாரத்து மண்டபத்தில் முகூர்த்தம். ஆறு இருபதுக்கு மாப்பிள்ளை வேனோடு மணமேடை வரை வந்து சேர்ந்தார். சீர்த்தட்டில் வெற்றிலை பாக்குக்கு நடுவே பேடும் லைனிங்கும் உறை பிரிக்காமல் இருந்தன. குப்பணன் இறங்கிக் கல் வைத்தார்.