இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்

"டீச்சர், இன்ஜின் ஓடுற வேகத்துல பாதியத்தான் விமானத்துத் திரை காட்டுது. இது சரியாகாம நான் பறக்க மாட்டேன்."

சொன்னவர் பல் டாக்டர் ஜெபராஜ். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கிளினிக்கை மூடிவிட்டு, கைவிடப்பட்ட ஒரு ஓடுபாதையின் ஓரத்தில் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் விமானத்தைத் தன் கையாலேயே கட்டி முடித்திருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஜைனம்பு. விமான மின்வேலை கற்றுக்கொடுக்கும் ஆசிரியை. டாக்டரைவிட இருபது வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது கேள்வியாகத்தான் இருக்கும். பழகாதவர்களுக்கு எரிச்சல் வரும்.

"போன தடவை எது சரியாகாம பறக்கல, டாக்டர்?"

"இன்ஜின் எண்ணெய்ச் சூடு காட்டுற சென்சார்."

"அதுக்கு முன்னால?"

டாக்டர் கொட்டகை வாசலைப் பார்த்தார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் மனைவி சுகிர்தம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் மிச்சம். அதுவும் மூடுவதற்குள், ஆறு கடலில் சேருகிற இடத்தை வானத்திலிருந்து ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தீராத ஆசை.

பறக்க அனுமதி எப்போதோ வந்துவிட்டது. ஆனால் டாக்டர் முதலில் சில மாதம் தனியாகப் பறந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பக்கத்து இருக்கையில் ஆள் ஏறலாம். டாக்டர் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் சுகிர்தத்தின் கண்ணிலிருந்துதான் போகிறது.

இது டாக்டருக்கும் தெரியும். தெரிந்துதான் ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

"காலையில எந்திரிச்சதும் என் மூஞ்சிக்கு முன்னால விரலை நீட்டி எத்தனைன்னு கேக்காரு, டீச்சர்," என்றார் சுகிர்தம். "விரலையே பாத்து அலுத்துப் போச்சு. எனக்கு ஆத்தைப் பாக்கணும்."

ஜைனம்பு விமானத்தை வெளியே தள்ளச் சொன்னார். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வாலைக் கயிற்றால் கட்டி, இன்ஜினை ஓடவிட்டார்கள்.

இன்ஜினில் தீப்பொறி கொடுப்பது இரண்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டிகள். பொறி விழும்போதெல்லாம் ஒரு மெல்லிய ஒயர் வழியாகத் திரைக்கு ஒரு துடிப்பு போகும். திரை அதை எண்ணி வேகத்தைச் சொல்லும். ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பதை டாக்டர் திரையில் தப்பாகப் போட்டிருந்தார்.

ஜைனம்பு இரண்டு பொத்தான்களை அழுத்தினார். எண் சரியாக வந்தது.

"இவ்வளவுதானா!" என்றார் டாக்டர். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"இக்னிஷன் சுவிட்ச் எங்க?"

"திரைக்கும் இக்னிஷனுக்கும் ஒரே சுவிட்ச்தான், டீச்சர்."

ஜைனம்பு அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு கையை நீட்டி அந்தச் சுவிட்சை அணைத்தார்.

திரை இருண்டது. இன்ஜினும் செத்தது.

மைதானத்தில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பறக்கும்போது ஒரு ஓரத்துல ஷார்ட் ஆகி, ஃபியூஸ் போகுது. இப்ப எங்க இருக்கீங்க, டாக்டர்?"

டாக்டர் அந்தச் சுவிட்சை வெறித்தார்.

"ரெண்டையும் தெரியாம ஒண்ணாக் கோத்தீங்களா?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன்." குரல் இறங்கிப்போயிருந்தது. "நான் திரையைப் பாக்காம இன்ஜின் ஓடிரக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நீங்க பாக்கிறதாலயா ஓடுது?"

டாக்டர் அணைந்த திரையைத் தொட்டுப் பார்த்தார்.

ஜைனம்பு கருவிப்பெட்டியை டாக்டர் பக்கம் நகர்த்திவிட்டு, சுகிர்தத்தின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் வேலையைத் தொடங்கினார். பல்லுக்குள் நரம்பு தேடிப் பழகிய கை. இரண்டு இக்னிஷன் பெட்டிகளுக்கும் பேட்டரியிலிருந்து நேராகத் தனித்தனி ஒயர், தனித்தனி ஃபியூஸ், தனித்தனி சுவிட்ச். திரைக்குப் போகும் மெல்லிய ஒயரில், பெட்டியை ஒட்டி, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர். திரைப்பக்கம் எது கெட்டாலும் இன்ஜினைத் தொடாமல் அது தடுத்துவிடும்.

வெயில் சாயும்வரை குனிந்த தலை நிமிரவில்லை. முடித்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

ஜைனம்பு ஒவ்வொரு முனையையும் இழுத்துப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டார். திரையை அணைத்தார்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

மெல்லிய ஒயரின் திரைப்பக்க முனையைக் கழற்றி, விமானத்தின் உலோக உடம்பில் வைத்து அழுத்தி, வேண்டுமென்றே ஷார்ட் ஆக்கினார். டாக்டருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீங்கதான் அதிர்ந்தீங்க," என்றார் ஜைனம்பு.

ஒயரைத் திரும்ப மாட்டி, திரையைப் போட்டார். எண் வந்தது. எல்லா எண்களும் அதனதன் இடத்தில் இருந்தன. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

டாக்டர் இன்ஜினை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"பெட்ரோல் எவ்வளவு செலவாகுதுன்னு காட்டுற சென்சார் ஒண்ணு இருக்கு, டீச்சர். அதையும் போட்டுட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கும். ஒரு மாசம் பொறுத்தாப் போதும்."

ஜைனம்பு கருவிப்பெட்டியை மூடினார். சுகிர்தத்திடம் போய்க் கையைப் பிடித்து எழுப்பி, இறக்கையின் நுனிக்குக் கூட்டி வந்தார்.

"அம்மா, டாக்டர் கட்டின விமானம் எப்படி இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும், டீச்சர்? நான் முழுசாப் பாத்ததே இல்லையே."

டாக்டர் துணியைக் கீழே போட்டார். "என்ன சொல்லுதே சுகி? தினம் என்கூட வாரே. தினம் இதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்கே."

"பக்கத்துல இருந்தா ஒரு சக்கரம் தெரியும். தலையைத் திருப்பினா றெக்கையில ஒரு துண்டு தெரியும். கண்ணுக்குள்ள அவ்வளவுதான் கொள்ளுது."

"என்னை?"

"உங்களையும் அப்படித்தான். மூக்கைப் பாத்தா கண்ணு தெரியல. விரலை நீட்டுனா ஆளையே காணோம்."

டாக்டர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜைனம்பு குனிந்து, சக்கரக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். வால் கயிற்றையும் அவிழ்த்தார்.

சுகிர்தம் இறக்கையைத் தடவிக்கொண்டே வந்து கணவரின் தோளைத் தேடிப் பிடித்தார்.

"வெளிச்சம் இருக்கும்போதே மேல போங்க. நல்ல தூரமாப் போங்க. அங்க போனாத்தான் நீங்க எனக்கு முழுசாத் தெரிவீங்க."